பிறர் வலியை ஒப்புக்கொடுக்க நாம் யார்?

முதல் வெள்ளிக்கிழமைதோறும் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்லும் வழக்கம் நம் பங்குகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. குருவானவரோடு மணியும் மெழுகுதிரியுமாக நான்கைந்து பேர் செல்வோம். வாதநோய்க்காரர், பார்வை இழந்த முதியவர், இடுப்பெலும்பு முறிந்த பாட்டி என்று வீடு வீடாக ஏறி இறங்குவோம். அப்படிச் சென்ற ஒரு காலையில், நம் பட்டியலில் இல்லாத ஒரு வீட்டின் பின்புறத்திலிருந்து முனகல் கேட்டது.

வீட்டார் தயங்கினர். "அங்கே வேண்டாம் சாமி, நாற்றம் தாங்காது" என்றார் மூத்த மருமகள். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய ஓலைச் சாய்ப்பில், கட்டுக்கட்டாக எரிந்த ஊதுவத்திப் புகைக்கு நடுவே ஒரு பெண்மணி படுத்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிராது. கருப்பை வாயில் புற்று. பெரிய மருத்துவமனை ஒன்றில் சில வாரம் கரண்டு வைத்தார்களாம். நோய் மீண்டும் தலைதூக்கியபோது, "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று அனுப்பிவிட்டார்களாம். இடுப்பில் தொடங்கிக் கால்வரை ஓடும் வலி. ஓயாமல் துணியை நனைக்கும் சிறுநீர். பேரப்பிள்ளைகள் அருகே வரக்கூடாது என்ற தடை. எட்டு மாதமாக அவர் கோவிலுக்கு வரவில்லை. அவர் வராததை நாமும் கவனிக்கவில்லை.

நம்முடன் வந்தவர்களில் ஒருவர், ஆறுதல் சொல்லும் நல்லெண்ணத்தோடுதான், "ஆண்டவர் கொடுத்த சிலுவை அம்மா. அவருடைய பாடுகளோடு சேர்த்து ஒப்புக்கொடுங்கள். மோட்சம் நிச்சயம்" என்றார். அந்தப் பெண்மணி கண்களைத் திறந்து, "மோட்சம் அப்புறம் கிடைக்கட்டும்மா. ஒரு ராத்திரி தூக்கம் கிடைக்குமா?" என்று கேட்டார்.

அவருக்குச் சொல்ல நம்மிடம் பதில் இல்லை. பதில் ஒன்று இருந்தது என்பதையும், அது சில ரூபாய் விலையுள்ள மாத்திரை என்பதையும் பின்னர்தான் அறிந்தோம். அந்த அறியாமைக்காக வெட்கப்படுகிறோம். அதற்குப் பக்தி என்று பெயரிட்ட நம் துணிச்சலை எண்ணிச் சினம் கொள்கிறோம். இக்கட்டுரை அவ்விரண்டின் விளைவு.

"ஒன்றுமில்லை" என்னும் பொய்

2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கீட்டின்படி, அவ்வோராண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் அந்நோயால் மாண்டனர். சினைப்பைப் புற்றும் கருப்பைப் புற்றும் இக்கணக்கில் சேரா. நம் நாட்டில் இந்நோயாளருள் பெரும்பாலோர் நோய் முற்றிய பின்னரே மருத்துவரிடம் வருகின்றனர். அவர்களில் பலருக்கு நோயை வேரறுக்க இயலாது என்பது மெய்தான். ஆனால் நோயை வேரறுக்க இயலாமை வேறு. செய்வதற்கு ஒன்றுமில்லாமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிய வாக்கியமே அப்பெண்மணியை ஓலைச் சாய்ப்புக்கு அனுப்பியது.

முற்றிய கருப்பை வாய்ப் புற்று என்ன செய்கிறது? இடுப்புக்குழியில் உள்ள நரம்புகளை நெருக்குகிறது. அதனால் முதுகிலும் தொடையிலும் எரிவதுபோன்ற வலி எழுகிறது. சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே உள்ள சுவரை அரித்துத் துளையிடும்போது சிறுநீர் தானே ஒழுகுகிறது. மலக்குடல் பக்கம் துளை விழுந்தால் மலமும் அவ்வழியே வருகிறது. புண்ணில் கிருமிகள் பெருகுவதால் நாற்றம் பிறக்கிறது. கால் வீங்குகிறது. திடீரென இரத்தம் பெருகுகிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் அடைபட்டால் சிறுநீரகம் செயலிழக்கிறது. சினைப்பைப் புற்றோ வயிற்றில் நீரைத் தேக்குகிறது. குடலை அடைத்து ஓயாத வாந்தியைத் தருகிறது.

இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் செய்யத் தக்கது ஒன்று உண்டு. கடும் வலிக்கு மார்பின் உண்டு. வாய்வழியாக, வலி வந்தபின் கெஞ்சிப் பெறும் பிச்சையாக அல்லாமல், வலி திரும்புமுன் நான்கு மணிக்கு ஒருமுறை ஒழுங்காகத் தரப்பட வேண்டிய மருந்து அது. நரம்பு வலிக்குத் துணை மருந்துகள் உண்டு. நாற்றத்துக்கு, வயிற்றுப்போக்குக்கு நாம் நன்கறிந்த மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் இடும் எளிய முறை உண்டு. சில நாளில் அறையின் காற்றே மாறிவிடும். ஊதுவத்திக்கு வேலையிராது. இரத்தப்போக்கை நிறுத்த மருந்தும், ஓரிரு முறை தரும் கதிர்வீச்சும் உண்டு. சிறுநீர் படும் தோலைக் காக்கக் களிம்பும், ஒழுகலைக் குறைக்கக் குழாயும் உண்டு. வயிற்று நீரை வடிக்கலாம், வாந்தியை அடக்கலாம். இரத்தம் பெருகும் அச்சம் உள்ள நோயாளியின் கட்டிலருகே கருஞ்சிவப்புத் துண்டுகளை அடுக்கி வைப்பார்கள், வெள்ளைத் துணியில் தன் இரத்தத்தைக் கண்டு அவர் அஞ்சாதிருக்க. இத்தனையும் அடங்கியதே நோய் ஆதரவுச் சிகிச்சை. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அறுவை அரங்கும் வேண்டாம், கோடிக்கணக்கான கருவியும் வேண்டாம்.

வெட்கம் என்னும் இரண்டாம் நோய்

பின் ஏன் இது அவர்களைச் சென்றடையவில்லை? முதற்காரணம் வெட்கம். இதயநோய் என்றால் ஊருக்கே சொல்கிறோம். மன்றாட்டில் பெயர் வாசிக்கச் செய்கிறோம். "கீழே" வந்த நோய் என்றால் கணவனிடம்கூடச் சொல்லக் கூசுகிறோம். மாதவிடாய் நின்ற பின் மீண்டும் தோன்றும் இரத்தத்தை "சூடு" என்கிறோம். நாற்றமுள்ள வெள்ளைப்படுதலை வெந்தயத்தால் ஆற்ற முயல்கிறோம். பெண்ணின் வெட்கத்தை நற்பண்பு என்று பிரசங்கங்களில் புகழ்ந்தோம். அவ்வெட்கம் எத்தனை கல்லறைகளை நிரப்பியது என்று எண்ணிப் பார்த்தோமில்லை.

இதனிலும் கொடியது பழிச்சொல். இந்நோயின் காரணம் ஏறத்தாழ எல்லா நிகழ்விலும் பாப்பிலோமா என்னும் வைரஸ் என்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. அது உடலுறவு வழியே பரவுவது என்று கேட்டவுடனே, "அவள் எப்படிப்பட்டவளோ" என்று முணுமுணுக்கும் நாவுகள் நம் அன்பியக் கூட்டங்களிலும் உண்டு. வாழ்நாளில் பெரும்பாலான ஆண்களையும் பெண்களையும் எப்போதேனும் தொற்றிச் செல்லும் கிருமி அது. தன் கணவனைத் தவிர வேறொருவரை அறியாத பெண்ணுக்கும் அது வரும், வந்திருக்கிறது. கணவனைக் குறித்து எவரும் முணுமுணுப்பதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம்.

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்திய பெண் ஒருத்தி வருகிறாள். மருத்துவர் பலரிடம் அலைந்து கையிலிருந்த யாவும் இழந்தவள். அக்காலச் சட்டத்தின்படி தீட்டுள்ளவள். ஆகவே பின்புறமாக, யாரும் அறியாமல் ஆடையைத் தொடுகிறாள். நம்மில் ஒருவராயிருந்தால் அவளை அப்படியே ஓசையின்றிப் போகவிட்டிருப்போம், மானத்தைக் காத்துவிட்டோம் என்றும் மகிழ்ந்திருப்போம். ஆண்டவரோ நின்றார், தேடினார், கூட்டத்தின் நடுவே அவள் முழு உண்மையையும் பேச இடமளித்தார், மகளே என்று அழைத்தார். அவளுடைய துன்பத்தைத் தொடர்ந்து ஒப்புக்கொடுக்கும்படி அவர் சொல்லவில்லை. இப்பகுதியைப் பலமுறை கேட்டும், நம் பங்கிலேயே பின்புறச் சாய்ப்பில் கிடக்கும் அதே பெண்ணை நாம் அடையாளம் காணவில்லையே!

மருந்துக்கு இட்ட பூட்டு

இரண்டாவது காரணம் சட்டமும் அதைச் சுற்றி வளர்ந்த அச்சமும். மருத்துவத்துக்கான அபினியை அரசின் அனுமதியோடு பயிரிடும் நாடு நம்முடையது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் விளைகிறது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் அதைப் பக்குவப்படுத்துகின்றன. ஆயினும் 1985இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கடத்தல்காரரைப் பிடிக்க விரித்த வலையில் நோயாளரையும் சேர்த்துப் பிடித்தது. ஒரு மருத்துவமனை மார்பின் வைத்திருக்கப் பல துறைகளின் உரிமங்கள், ஒரே காலத்தில் செல்லுபடியாகும் வகையில் வேண்டியிருந்தன. சிறு எழுத்துப் பிழைக்கும் சிறை என்று அஞ்சிய மருந்தகங்கள் மார்பினைக் கைவிட்டன. அந்த மருந்தைத் தொட்டே பாராத மருத்துவர் தலைமுறை ஒன்று உருவாயிற்று.

2014இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. இன்றியமையாத மருந்துகள் என்று சிலவற்றைத் தனியே பிரித்து, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் ஒரே அனுமதியோடு அவற்றை வைத்திருக்க வழி செய்தது. சட்டத்தின் பூட்டு திறந்தது. மனங்களின் பூட்டு திறக்கவில்லை. 2017இல் வெளிவந்த லான்செட் மருத்துவ இதழின் ஆணையக் கணக்கின்படி, இந்திய நோயாளருக்குத் தேவைப்படும் வலிநீக்கும் அபினி மருந்துகளில் 100க்கு 4 பங்கே அவர்களைச் சேர்கிறது. எஞ்சிய 96 பங்கு வலியும் யாரோ ஒருவர் உடம்பில் இருக்கிறது.

திருச்சபை உண்மையில் சொல்வது

மூன்றாவது காரணம் நம்முடையது. ஆகவே மற்ற இரண்டையும்விட அதிகமாக நம்மை உறுத்த வேண்டியது. துன்பம் புனிதமானது; அதைக் குறைப்பது இறைத்திட்டத்தில் தலையிடுவது என்ற எண்ணம் நம்மிடையே ஊறிக் கிடக்கிறது. இது திருச்சபையின் போதனை அன்று.

1957 பிப்ரவரி 24ஆம் நாள், மயக்கமருந்து மருத்துவர்களின் கேள்விகளுக்குத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் விடையளித்தார். வேறு வழியில்லாத நிலையில், மரணம் நெருங்கும் வேளையிலும், ஆயுள் ஒருவேளை குறையக்கூடும் என்று முன்னறிந்தாலும், கொல்லும் நோக்கமின்றி வலியைத் தணிக்க மருந்து தருவது அறநெறிக்கு ஏற்றதே என்றார். நோயாளி தம் கடமைகளை முடித்துக்கொள்ள அது தடையாகக் கூடாது என்பதே அவர் இட்ட வரம்பு. 1980 மே 5ஆம் நாள் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை இதனை உறுதி செய்ததோடு, மேலும் ஒன்றையும் தெளிவுபடுத்தியது. கிறிஸ்துவின் பாடுகளில் பங்குபெற விரும்பி, ஒருவர் தாமாகவே மருந்தைக் குறைத்துக்கொள்ளலாம்; ஆனால் அந்த வீரத்தனமான வழியை எல்லோருக்கும் பொதுவிதியாக்குவது விவேகமாகாது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலோ, 2279ஆம் எண்ணில், நோய் ஆதரவுச் சிகிச்சையைத் தன்னலமற்ற அன்பின் தனிச்சிறந்த வடிவம் என்று போற்றி, அதனை ஊக்குவிக்கக் கேட்கிறது.

வெள்ளைப்போளம் கலந்த இரசத்தை ஆண்டவர் சிலுவையடியில் ஏற்க மறுத்ததைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அவர் மறுத்தது தமக்குத் தரப்பட்டதை. எவருக்கும் அதைத் தரக்கூடாது என்று அவர் விலக்கவில்லை. தன் வலியை ஒருவர் தாமே ஒப்புக்கொடுத்தால் அது காணிக்கை. பக்கத்தில் நிற்பவர் ஒப்புக்கொடுத்தால் அது என்ன? இல்லாத மருந்தின் இடத்தில் உபதேசத்தை வைப்பது. "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை, "வேண்டும்" என்று கேட்டால் கிடைக்கும் என்றிருப்பவருக்கே உண்டு. மார்பின் கிடைக்காத சாய்ப்பில் கிடந்த பெண்மணிக்குத் தியாகம் செய்யும் வாய்ப்பும்கூட மறுக்கப்பட்டிருந்தது.

1984இல் மனிதத் துன்பத்தைக் குறித்துத் திருத்தூது மடல் எழுதிய இரண்டாம் யோவான் பவுல், துன்பத்தின் மீட்புப் பொருளை விரித்துரைத்து அதோடு நிற்கவில்லை. நல்ல சமாரியரிடம் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தச் சமாரியர் காயப்பட்டவனுக்குத் துன்பத்தின் மாண்பைப் போதிக்கவில்லை. எண்ணெயும் இரசமும் வார்த்தார். தம் வாகனத்தில் ஏற்றினார். சாவடிக்காரருக்குக் காசு கொடுத்தார்.

மறந்துபோன நம் மரபு

இம்மருத்துவம் மேலைநாட்டிலிருந்து வந்த புதுமோகம் என்பாரும் உளர். அதன் வேர்களில் ஒன்று நம் வீட்டுக் கொல்லையிலேயே இருக்கிறது. 1842இல் பிரான்சின் லியோன் நகரில் ழான் கார்னியே என்னும் பெண், கணவனையும் பிள்ளைகளையும் இழந்தவர், தம்மைப் போன்ற விதவைகளைச் சேர்த்துக்கொண்டு, குணமாகாப் புண்களோடு எவரும் ஏற்காத பெண்களைப் பராமரிக்கத் தொடங்கினார். அவர்கள் கன்னியர் மடத்தார் அல்லர். நம்மைப் போன்ற பொதுநிலையினர். அயர்லாந்தில் மேரி ஐக்கன்ஹெட் தோற்றுவித்த பிறரன்புச் சகோதரிகள் சபை, 1879இல் டப்ளினிலும் 1905இல் இலண்டனின் ஹாக்னி பகுதியிலும் சாவை நெருங்கியோருக்கான இல்லங்களைத் திறந்தது. அந்த ஹாக்னி இல்லத்தில்தான் 1958 முதல் மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், மார்பினை வேளைதோறும் ஒழுங்காகத் தரும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். உடல் வலியோடு மனம், குடும்பம், ஆன்மா ஆகியவற்றின் வலியும் சேர்ந்ததே முழுவலி என்று அவர் கற்பித்தார். 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். நம் நாட்டின் முதல் இல்லமான சாந்தி அவேத்னா 1986இல் மும்பை பாந்திராவில் எழுந்தது. அங்கும் நோயாளரைப் பேணியவர் அருட்சகோதரிகளே.

அண்டை மாநிலத்தையும் பார்ப்போம். 1993இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் ராஜகோபாலும் நண்பர்களும் சிறு வலிநீக்கக் கழகத்தைத் தொடங்கினர். ஆசிரியரும் மாணவரும் கடைக்காரரும் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்றனர். மசூதியும் கோவிலும் தேவாலயமும் வேறுபாடின்றிக் கைகொடுத்தன. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. மலைத்தொடரின் அப்பக்கம் இயன்றது இப்பக்கம் ஏன் இயலாது? தமிழக அரசும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் நோய் ஆதரவுச் சிகிச்சையைச் சேர்த்தது. அதை நம் நோயாளரின் வாசலுக்கு அழைத்து வருபவர் யார் என்பதே கேள்வி.

எதிர்வாதங்கள் சில

மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார் என்கின்றனர். மருத்துவர் மேற்பார்வையில், வலிக்கேற்ற அளவில் தரப்படும்போது இத்தகைய நோயாளருக்கு அவ்வாறு நேர்வது அரிது. சில வாரமே வாழவிருக்கும் ஒரு தாய் போதைக்கு அடிமையாவாள் என்று கவலைப்படும் நாம், அவள் வலிக்கு அடிமையாய்க் கிடப்பதைப் பொறுத்துக்கொள்கிறோம். மரணத்தை விரைவுபடுத்தும் என்கின்றனர். முறையாக அளவிட்டுத் தரப்படும் மார்பின் அவ்வாறு செய்வதில்லை. மலச்சிக்கலை மட்டும் தவறாமல் தரும், அதற்கும் கூடவே மருந்து தருவர். கருணைக்கொலைக்கு இது வாசல் என்று அஞ்சுவோரும் உண்டு. நிலைமை நேர்மாறானது. வலி தாளாமல், "ஊசி போட்டு என்னை அனுப்பிவிடுங்கள்" என்று கெஞ்சியவர்களின் வலி தணிந்தபின், அவ்வேண்டுதல் பெரும்பாலும் தானே அடங்கிவிடுகிறது.

"நோயின் பெயரை அவளிடம் சொல்லாதீர்கள்" என்பது குடும்பத்தாரின் வேண்டுதல். அன்பினால் எழுவதே எனினும், தன் உடலைக் குறித்துத் தான் மட்டுமே அறியாதவளாக ஒரு பெண்ணை வைத்திருப்பதன் தனிமையை எண்ணிப் பாருங்கள். நகையை யாருக்குக் கொடுப்பது, மகளை யார் பொறுப்பில் விடுவது, யாரோடு ஒப்புரவாவது என்று முடிவு செய்ய அவளுக்கு உரிமை இல்லையா? அவள் கேட்கும் அளவுக்கு, மென்மையாக, உண்மை சொல்லப்பட வேண்டும்.

பங்கு என்ன செய்யலாம்?

புதிய கட்டடம் வேண்டாம். திறப்பு விழாக் கல்வெட்டும் வேண்டாம். ஒவ்வோர் அன்பியத்திலும் இரு பெண்கள் பயிற்சி பெறட்டும். புண்ணைக் கழுவவும், தோலைக் காக்கவும், வலியை எண்ணிட்டுக் குறிக்கவும் அவர்கள் கற்கட்டும். மார்பின் வைத்திருக்கும் மருத்துவமனை நம் மாவட்டத்தில் எது, எந்த நாளில் தருகிறார்கள் என்பதைப் பங்கு அலுவலகம் அறிந்திருக்கட்டும். வின்சென்ட் தே பவுல் சபையார் பேருந்துச் செலவையும் பழந்துணியையும் ஏற்கட்டும். மறைமாவட்ட மருத்துவமனைகள் மார்பினுக்கான அங்கீகாரம் பெற்றிருக்கின்றனவா என்று மேய்ப்புப்பணிப் பேரவையில் பெயர் சொல்லிக் கேட்போம். இல்லையெனில் ஏனென்றும் கேட்போம்.

வருமுன் காப்பதையும் மறக்கலாகாது. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் பயிற்சி பெற்ற செவிலியர், புளிக்காடியைத் தடவிக் கருப்பை வாயைக் கண்ணால் பார்த்துச் சோதித்த எளிய முறையால், இந்நோயின் மரணங்கள் 100க்கு 35 குறைந்ததென 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. 30 வயது கடந்த பெண்களுக்குச் சோதனையும், சிறுமியருக்குத் தடுப்பூசியும் உண்டு என்பதை மரியாயின் சேனைக் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசினால் கற்புக்குக் குறை வராது.

அந்தப் பெண்மணிக்கு இரண்டு பேருந்து மாறிச் சென்று மருந்து வாங்கி வந்தார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் தூங்கினார். புண் கழுவப்பட்டு நாற்றம் தணிந்தபின் கட்டில் முன்வீட்டுக்கு வந்தது. கடைசிப் பேத்தி அதன் விளிம்பில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதியதை நாம் கண்டோம். ஐந்து வாரம் அவ்வாறு வாழ்ந்து, நோயில்பூசுதல் பெற்று, பிள்ளைகளிடம் விடைபெற்று இறந்தார். அந்த ஐந்து வாரத்துக்காக இறைவனுக்கு நன்றி கூறுகிறோம். அதற்கு முந்திய எட்டு மாதத்துக்கு யார் கணக்குக் கொடுப்பது?

அடுத்த முதல் வெள்ளியன்று நற்கருணையோடு வீடுகளுக்குச் செல்லும்போது, செபம் தொடங்குமுன் நோயாளியிடம் ஒன்று கேட்போம்: "நேற்று இரவு தூங்கினீர்களா அம்மா?" இல்லை என்றால், செபத்தை முடித்துவிட்டு வீடு திரும்பாதிருப்போம்.